அடுத்த கணு சொல்வதை ஏன் நம்ப வேண்டும்?

கேள்வி இதுதான்: "காப்புரிமைத் தொகுப்புகளைப் புரட்டும்போது கம்பியில்லா மெஷ் நெட்வொர்க்கும் கணினி அணுகல் கட்டுப்பாடும் அடிக்கடி அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று ரேடியோ சமாச்சாரம், இன்னொன்று பாஸ்வேர்டு சமாச்சாரம். இரண்டுக்கும் உறவு உண்டா? இவற்றில் நிஜமான கண்டுபிடிப்பு என்று எவற்றைச் சொல்லலாம்?"

உறவு உண்டு. அதுவும் தூரத்து உறவு இல்லை. குறைந்தது இரண்டு இடங்களில் ஒரு துறையின் சரக்கு மற்றதற்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பாஸ்வேர்டுக்காக யோசித்த ஒரு தந்திரம் மெஷ் வலையின் வழித்தேடலுக்குள் நுழைந்தது. மெஷ் வலைக்காக வடித்த ஒரு பூட்டு, இன்று சாதாரண வைஃபையின் வாசலில் தொங்குகிறது. அந்த இரண்டையும் சொல்லத்தான் இவ்வளவு நீளம். அதற்கு முன் இரு பக்கமும் கொஞ்சம் பின்கதை தேவைப்படுகிறது.

முதலில் மெஷ். சாதாரண வைஃபையில் எல்லாக் கருவிகளும் ஒரே ஒரு பெட்டியிடம் பேசும். மெஷ்ஷில் ஒவ்வொரு கணுவும், அதாவது வலையில் உள்ள ஒவ்வொரு கருவியும், தன் பேச்சைப் பேசுவதோடு அடுத்தவன் பேச்சையும் கைமாற்றி விடும். நேரடியாக எட்டாத இடத்துக்கும் பாக்கெட் (தரவின் சிறு பொட்டலம்) இப்படிக் கைமாறிக் கைமாறிப் போய்விடும். இதற்கு வேர் தேடினால் பலரும் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் அலோஹாநெட்டைக் காட்டுவார்கள். 1971-இல் நார்மன் ஆப்ராம்சன் குழு இயக்கிய வலை அது. ஒரே அலைவரிசையை எல்லாரும் பகிர்ந்து, மோதினால் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பு என்ற எண்ணம் அங்கேதான் வேலை செய்து காட்டியது. அந்த எளிய முறையில் அலைவரிசையின் திறனில் 18 சதவீதம் வரைதான் உருப்படியாகப் பயன்படும் என்பதும் கணக்கில் வந்தது. ஆனால் அலோஹாநெட் மெஷ் அல்ல. நடுவில் ஒரு மையக் கணினி இருந்தது.

மெஷ்ஷுக்கு நிஜமான முன்னோடி அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்ப்பா 1973-இல் தொடங்கிய பாக்கெட் ரேடியோ திட்டம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றி, மலையுச்சிகளில் மறுஒலிபரப்பிகள், ஒரு வேனுக்குள் நடமாடும் ரேடியோ என்று ஏற்பாடு. அங்கேயும் ஆரம்பத்தில் வழி சொல்ல ஒரு மைய நிலையம் இருந்தது. அது விழுந்தால் வலையே தடுமாறும். பிறகு வழி அறியும் அட்டவணையை ஒவ்வொரு ரேடியோவுக்குள்ளேயே கொண்டுபோனார்கள். மையத்தைத் தூக்கிவிட்டதும் புதுச் சிக்கல் முளைத்தது: ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவர் சொல்வதை வைத்துத்தான் உலகத்தை அறிய முடியும்.

அந்தச் சிக்கல் எப்படிக் கடிக்கும் என்று மூன்றே கணுக்களை வைத்துப் பார்க்கலாம். அ, ஆ, இ வரிசையாக நிற்கின்றன. எல்லாருக்கும் இ-யிடம் போக வேண்டும். ஆ-விலிருந்து ஒரு தாவல் (ஒரு கைமாற்றம்), அ-விலிருந்து இரண்டு தாவல். இப்போது ஆ-வுக்கும் இ-க்கும் நடுவில் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. ஆ திகைத்து நிற்கும்போது பக்கத்திலிருந்து அ சொல்கிறது: "இ-யிடம் போக எனக்கு இரண்டு தாவலில் வழி தெரியும்." அந்த வழியே தன் வழியாகத்தான் போகிறது என்பது ஆ-வுக்குத் தெரியாது. "அப்படியா, அப்போ எனக்கு மூன்று" என்று குறித்துக்கொள்கிறது. அதைக் கேட்ட அ, "ஆ-வுக்கு மூன்று என்றால் எனக்கு நான்கு" என்கிறது. ஆ ஐந்து என்கிறது. இப்படியே ஏறிக்கொண்டே போகும். பாக்கெட்டுகள் இரண்டுக்கும் நடுவில் பந்தாடப்படும். யாரும் பொய் சொல்லவில்லை. பழைய செய்தி புதுச் செய்தி போல வேடம் போட்டுக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். கம்பி வலையில் இணைப்பு அறுவது எப்போதாவது நடக்கும். அங்கே பதினாறு வரை எண்ணியதும் "வழியில்லை" என்று வைத்துக்கொண்டு சமாளித்தார்கள். ரேடியோவில் ஒரு ஆள் குறுக்கே நடந்தாலே இணைப்பு போகும்; அந்தச் சமாளிப்பு இங்கே செல்லாது.

இதற்கு 1994-இல் சார்லஸ் பெர்க்கின்ஸும் பிரவின் பகவத்தும் கொடுத்த மருந்து என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு. பெயர் டிஎஸ்டிவி. செய்தியோடு ஒரு வரிசை எண்ணையும் சேர்த்து அனுப்பு. இ தன்னைப் பற்றி அறிவிக்கும்போது 100, 102, 104 என்று இரட்டை எண்களை மட்டும் போடும். இணைப்பு அறுந்ததைக் கண்ட ஆ, கடைசியாகத் தெரிந்த 104-ஐ 105 ஆக்கி "வழி அற்றது" என்று அறிவிக்கும். அ-விடம் இருப்பது 104 என்ற பழைய செய்தி; 105 அதைவிடப் புதிது; எனவே அ வாயை மூடிக்கொள்ளும். இ மறுபடி உயிரோடு வந்தால் 106 போடும், அது 105-ஐ வெல்லும். ஒற்றைப்படை எண் மரண அறிவிப்பு, இரட்டைப்படை எண் உயிர் அறிவிப்பு. உயிர் அறிவிப்பு போடும் உரிமை அந்தக் கணுவுக்கு மட்டுமே.

"உரிமை" என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். இன்னாருடைய வரியை இன்னார்தான் எழுதலாம் என்பது அச்சு அசல் அணுகல் கட்டுப்பாட்டு விதி. ஒரு வித்தியாசம்: இங்கே அது மரியாதையாகக் கடைப்பிடிக்கும் வழக்கம் மட்டும்தான், காவலுக்கு யாரும் இல்லை. ஒரு திருட்டுக் கணு 9000 என்று இரட்டை எண்ணைப் போட்டு "நான்தான் இ-க்கு மிக அருகில்" என்று கூவினால் எல்லாரும் நம்பி அதனிடம் பாக்கெட்டைக் கொடுத்துவிடுவார்கள். வாங்கி விழுங்கிவிட்டு அது சும்மா இருக்கலாம். இதற்குக் கருந்துளைத் தாக்குதல் என்றே பெயர். இந்த ஓட்டையை இங்கேயே விட்டுவைப்போம், திரும்பி வருகிறேன்.

நடுவே, இன்னொரு கண்டுபிடிப்பைச் சொல்லாமல் போனால் மெஷ் பக்கம் முழுமையாகாது. எந்த வழி நல்ல வழி? குறைந்த தாவல் உள்ள வழி என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். எம்ஐடியில் மாடிக்கூரைகள்மேல் ரூஃப்நெட் என்ற வலையைப் போட்டவர்கள் அது தப்பு என்று அளந்தே காட்டினார்கள். குறைந்த தாவல் என்றால் ஒவ்வொரு தாவலும் நீளம். நீளமான தாவல் என்றால் எல்லையில் தத்தளிக்கும் இணைப்பு. 2003-இல் அவர்கள் முன்வைத்த ஈடிஎக்ஸ் அளவுகோல், ஒரு பாக்கெட் போய்ச்சேர சராசரியாக எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்று கேட்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நேரடி இணைப்பில் போகும் திசையில் 50 சதவீதம், பதில் வரும் திசையில் 60 சதவீதம் தேறுகிறது என்று வைப்போம். பெருக்கினால் 0.30, அதாவது சராசரியாக 3.3 முறை அனுப்ப வேண்டும். நடுவில் ஒரு கணு வழியாகப் போனால் ஒவ்வொரு தாவலிலும் இரு திசையும் 90 சதவீதம், பெருக்கினால் 0.81, ஒரு தாவலுக்கு 1.23 முறை, இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2.5. சுற்றுவழியே லாபம். மெஷ் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, பக்கத்துப் பெட்டியை விட்டுவிட்டு ஏன் தூரத்துப் பெட்டியோடு இது பேசுகிறது என்று குழம்பியவர்களில் நானும் ஒருவன். மணிக்கணக்கில் அமைப்பை நோண்டிய பிறகுதான், பக்கத்துப் பெட்டிக்கு நடுவில் ஒரு இரும்பு அலமாரி நிற்பதைக் கவனித்தேன். பெட்டி சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தது.

இன்னொன்றும் உண்டு, விளம்பரங்களில் வராது. ஒரே ரேடியோவால் வாங்கவும் கொடுக்கவும் செய்தால், இரண்டு தாவலுக்கு வேகம் பாதி, மூன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு. வலை பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு கணுவுக்கும் கிடைக்கும் பங்கு சுருங்கும் என்று 2000-இல் குப்தாவும் குமாரும் கணித முறையில் நிறுவினார்கள். வீட்டு மெஷ் பெட்டிகள் சிலவற்றில் பெட்டிகள் தங்களுக்குள் பேச மட்டும் தனி ரேடியோ வைப்பது இதனால்தான்.

சரி, இப்போது அணுகல் கட்டுப்பாடு, அதாவது கணினியில் யார் எதைத் தொடலாம் என்ற விதி. கணினியில் பாஸ்வேர்டு 1960-களின் தொடக்கத்தில், எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழுவின் சிடிஎஸ்எஸ் என்ற நேரப்பகிர்வு இயந்திரத்தில் வந்தது. பலர் ஒரே கணினியைப் பயன்படுத்தும்போது அவரவர் கோப்பு அவரவருக்கு என்பதற்காக. வந்த வேகத்திலேயே உடைந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1966-இல் ஒருநாள், ஒரு நிர்வாகி பாஸ்வேர்டு கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார், இன்னொருவர் உள்நுழையும் எல்லாருக்கும் காட்டும் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். திருத்தி மென்பொருள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்துவார் என்று நினைத்து எழுதப்பட்டது. தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயர். இரண்டும் இடம் மாறிவிட்டன. அதன்பின் உள்ளே நுழைந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் திரையில் வந்தது எல்லாருடைய பாஸ்வேர்டு பட்டியல். எந்த வில்லனும் இல்லாமல் நடந்த கொள்ளை.

பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைத்திருந்தால் இது எங்கேயும் நடக்கும். ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979-இல் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக விவரித்த தீர்வு, பாஸ்வேர்டை வைக்காமல் அதை ஒருவழி அரைப்பில் (திருப்பிப் போட முடியாத ஒரு கணக்கில்) போட்டு வந்த மாவை மட்டும் வைப்பது. மாவிலிருந்து அரிசிக்குத் திரும்ப முடியாது. அதோடு ஒவ்வொருவருக்கும் 12 பிட் அளவில் தனித்தனி 'உப்பு' கலந்தார்கள். ஒரே பாஸ்வேர்டை இருவர் வைத்தாலும் மாவு வேறுவேறாகத் தெரியும். முன்கூட்டியே அரைத்து வைத்த பட்டியலைத் தூக்கிக்கொண்டு வருபவன் 4096 மடங்கு உழைக்க வேண்டும். இன்றைக்கு 12 பிட் போதவே போதாது, ஆனால் எண்ணம் அப்படியே நிற்கிறது.

காப்புரிமை பற்றிக் கேட்டதால், யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சியின் செட்யூஐடியையும் சொல்ல வேண்டும். சிக்கல் சின்னது. பாஸ்வேர்டு கோப்பில் எழுத நிர்வாகிக்கு மட்டும் உரிமை. ஆனால் நான் என் பாஸ்வேர்டை மாற்ற அதே கோப்பில் ஒரு வரியை மாற்ற வேண்டுமே? ரிட்சியின் விடை: நிரலுக்கு ஒரு பிட் கொடு. அந்தப் பிட் இருந்தால், இயக்கியவர் யாராக இருந்தாலும் நிரல் அதன் சொந்தக்காரரின் உரிமையோடு ஓடும். எனக்கு அதிகாரம் கிடைக்காது, அந்தக் குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரலுக்கு மட்டும் கிடைக்கும். 1973-இல் விண்ணப்பித்து 1979-இல் கிடைத்த காப்புரிமை. மென்பொருளுக்குக் காப்புரிமை கிடைக்குமா என்பதே சந்தேகமாக இருந்த காலம் என்பதால், விண்ணப்பத்தில் அதை மின்சுற்றாக வரைந்து காட்டினார்கள். பின்னர் அவர் வேலை பார்த்த பெல் லேப்ஸ் அதைப் பொதுவுக்கே விட்டுவிட்டது. ஒரே ஒரு பிட், ஐம்பது வருடம் ஆகியும் ஓடுகிறது. அதிலிருந்து வந்த பாதுகாப்பு ஓட்டைகளும் ஏராளம், அது வேறு கதை.

யாருக்கு எதில் என்ன உரிமை என்று காட்டும் லேம்ப்சனின் அணுகல் அட்டவணை, மல்டிக்ஸ் இயங்குதளத்தின் உரிமைப் பட்டியல், ஆளுக்கு அல்ல அவர் வகிக்கும் பொறுப்புக்கு உரிமை தரும், 1992-இல் ஃபெராயலோவும் குன்னும் சொன்ன பொறுப்புவழி அணுகல் என்று இந்தப் பக்கம் நிறைய இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே அனுமானம்: எல்லாக் கோரிக்கையும் ஒரு வாசல் வழியாகத்தான் போகும், அந்த வாசலில் ஒரு காவலன் நிற்பான். ஒரே இயந்திரத்துக்குள் அது நியாயம். மெஷ்ஷில் வாசலும் கிடையாது, காவலனும் கிடையாது. உறவு தொடங்குவது இங்கேதான்.

முதல் கொடுக்கல் வாங்கல். 1981-இல் லெஸ்லி லாம்போர்ட் ஒரு கேள்வி கேட்டார்: கம்பியில் ஒருவன் ஒட்டுக்கேட்கிறான் என்று தெரிந்தே பாஸ்வேர்டு அனுப்ப முடியுமா? அவருடைய வழி இது. ஒரு ரகசியத்தை எடுத்து ஆயிரம் முறை ஒருவழியில் அரை. ஆயிரமாவது மாவைக் கணினியிடம் முதலிலேயே கொடுத்து வை. முதல்முறை உள்ளே வரும்போது 999-ஆவது மாவைக் காட்டு. கணினி அதை இன்னொரு முறை அரைத்தால் ஆயிரமாவது வரும், ஆள் அசல்தான். அடுத்த முறை 998. ஒட்டுக்கேட்டவனிடம் 999 இருந்தும் பயனில்லை. அவனால் முன்னோக்கித்தான் அரைக்க முடியும், பின்னோக்கி 998-க்குப் போக முடியாது.

இருபது வருடம் கழித்து, 2002-இல், யிஹ்-சுன் ஹூ, டேவிட் ஜான்சன், ஏட்ரியன் பெரிக் மூவரும் ஒன்றிலிருந்து ஒன்றாக அரைத்து வரும் இந்த மாவுகளின் தொடரை, அதாவது சங்கிலியை எடுத்து டிஎஸ்டிவியின் ஓட்டையில் வைத்து அடைத்தார்கள். பெயர் சீட். கணு இ ஒரு நீண்ட சங்கிலியை அரைத்து, அதன் கடைசிக் கண்ணியை (கடைசி மாவை) எல்லாரிடமும் முன்னமே கொடுத்துவைக்கிறது. ஒவ்வொரு வரிசை எண்ணுக்கும் சங்கிலியில் ஒரு துண்டு ஒதுக்கம். "தூரம் பூஜ்யம்" என்று இ சொல்லும்போது அந்தத் துண்டின் முதல் கண்ணியைச் சேர்த்து அனுப்பும். வாங்கிய ஆ தூரத்தை ஒன்றாக்கி, கண்ணியை ஒருமுறை அரைத்து அனுப்பும். அடுத்தது இரண்டாக்கி இன்னொருமுறை அரைக்கும். கேட்பவர் யாரும் மேலும் அரைத்துப் பார்த்து, தெரிந்த கண்ணியில் போய் முடிகிறதா என்று சரிபார்க்கலாம். இப்போது நம் திருட்டுக் கணுவைக் கூப்பிடுங்கள். தூரம் மூன்றில் உட்கார்ந்துகொண்டு "எனக்கு ஒன்றுதான்" என்று அதனால் சொல்ல முடியாது. ஒன்றுக்கான கண்ணி அதன் கையில் இல்லை, பின்னோக்கி அரைக்கவும் வழியில்லை. 9000 என்ற வரிசை எண்ணையும் போட முடியாது. அந்தத் துண்டை இ இன்னும் வெளியே விடவே இல்லை. தூரத்தைக் கூட்டிப் பொய் சொல்லலாம், குறைத்துச் சொல்ல முடியாது. கூட்டிச் சொன்னால் யாரும் அதனிடம் வரமாட்டார்கள், போகட்டும்.

ஒரு சந்து மட்டும் மிச்சம். வாங்கிய தூரத்தையும் கண்ணியையும் மாற்றாமல் அப்படியே ஒப்பித்து ஒரு தாவல் லாபம் பார்க்கலாம். ஆனாலும், மையக் காவலன் இல்லாமலே "யார் எதை எழுதலாம்" என்ற விதியை அரைக்கும் கணக்கு ஒன்றே காவல் காக்கிறது என்பதை முதல்முறை படித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். கணக்கும் மலிவு. கனமான கணக்குப் போட்டு மின்முறையில் கையெழுத்திடும் பொதுச்சாவிக் கையெழுத்தோடு ஒப்பிட்டால் சிறிய சில்லுக்குக்கூட அரைப்பது கைவந்த வேலை.

இரண்டாவது கொடுக்கல் வாங்கல் எதிர்த்திசையில். பழைய வைஃபையின் பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2-வில் ஒரு பலவீனம் உண்டு. கருவி இணையும்போது நடக்கும் நான்கு செய்திக் கைகுலுக்கலை ஒருவன் காற்றிலிருந்து பிடித்துக்கொண்டால் போதும். பிறகு அவன் எங்கேயோ உட்கார்ந்து, சாவகாசமாக, லட்சக்கணக்கான பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்கலாம். பூட்டின் அச்சை எடுத்துக்கொண்டு போய் வீட்டில் சாவி அறுப்பது மாதிரி. இதோடு இன்னொரு அனுமானமும் உள்ளே ஒளிந்திருந்தது: ஒருவர் வீட்டுக்காரர், மற்றவர் விருந்தாளி. பெட்டி கேட்கும், போன் பதில் சொல்லும். மெஷ்ஷில் இரண்டு பெட்டி சந்தித்தால் யார் வீட்டுக்காரர்? இரண்டும் ஒரே நேரத்தில் "நீ யார்?" என்று கேட்கலாம்.

இந்த இடத்துக்காகத்தான் டான் ஹார்க்கின்ஸ் 2008-இல் எஸ்ஏஈ என்ற முறையை முன்வைத்தார். சமமானவர்கள் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் உறுதிசெய்வது என்பதே அதன் பெயரின் பொருள். இரு தரப்பும் பாஸ்வேர்டிலிருந்து ஒரு கணிதப் புள்ளியை வருவித்து, அதைத் தற்காலிக ரகசிய எண்களால் மறைத்து அனுப்பும். பிறகு இருவரும் ஒரே சாவியை அடைந்தோமா என்று உறுதிசெய்துகொள்ளும். யார் தொடங்கினாலும் சரி, இருவரும் ஒன்றாகத் தொடங்கினாலும் சரி. காற்றில் பிடித்ததை வைத்து வீட்டில் சாவி அறுக்க முடியாது. ஒவ்வொரு ஊகத்துக்கும் நேரில் வந்து ஒருமுறை கதவைத் தட்டியாக வேண்டும். மெஷ்ஷுக்கான 802.11எஸ் தரம் 2011-இல் வந்தபோது இது அதனுள் இருந்தது. அந்தத் தரம் பெரிதாகப் பரவியதா என்றால் இல்லை. ஆனால் 2018-இல் டபிள்யூபிஏ3 அறிவிக்கப்பட்டபோது சாதாரண வைஃபைக்கு எடுத்துக்கொண்டது இதே எஸ்ஏஈயை. அடுத்த ஆண்டே மேத்தி வான்ஹோஃபும் இயால் ரோனனும் ஒரு கீறல் கண்டுபிடித்தார்கள்: புள்ளியை வருவிக்க எடுக்கும் நேரம் சில சூழலில் பாஸ்வேர்டைப் பற்றித் துப்புக் கொடுத்தது. வருவிக்கும் முறையை மாற்றி அதைச் சரிசெய்தார்கள். உங்கள் போனில் டபிள்யூபிஏ3 என்று காட்டினால், மெஷ்காரர்கள் தங்கள் தலைவலிக்குச் செய்த மருந்தைத்தான் நீங்கள் சாப்பிடுகிறீர்கள்.

எல்லாரும் இவ்வளவு கவனமாக இருக்கவில்லை. விளக்கு, சென்சார் போன்ற சின்னக் கருவிகளின் மெஷ்ஷான ஸிக்பீயில் வலை முழுக்க ஒரே வலைச்சாவி. புதிதாகச் சேரும் கருவிக்கு அதைக் காற்றில்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது மூடிக் கொடுக்க இன்னொரு சாவி வேண்டும். பழைய வீட்டுக் கருவிகளில் அந்த மூடும் சாவி எல்லாருக்கும் ஒன்றே: 'ஸிக்பீஅலையன்ஸ்09' என்ற ஆங்கிலப் பதினாறு எழுத்துகள். அது வெளியே தெரிந்த விஷயம். கருவி சேரும் அந்தச் சில நொடி பக்கத்தில் ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தால் வலைச்சாவி அவன் கையில். ஸிக்பீ 3.0-வில் கருவிக்குக் கருவி தனிக்குறி கொடுக்கும் வசதி வந்தது இதற்குப் பிறகுதான். இந்த முதல் சந்திப்புச் சிக்கலைப் பற்றி ஃபிராங்க் ஸ்டாஜானோவும் ராஸ் ஆண்டர்சனும் 1999-இலேயே எழுதியிருந்தார்கள். முட்டையிலிருந்து வந்த வாத்துக்குஞ்சு முதலில் பார்ப்பதைத் தாய் என்று ஒட்டிக்கொள்வது போல, கருவியும் முதலில் சாவி கொடுத்தவரிடம் ஒட்டட்டும். அந்தச் சாவியை அழித்தால்தான் அடுத்த தாய். அந்த முதல் சாவியைக் காற்றில் விடாமல் நேரடித் தொடுதலில் கொடுங்கள் என்றும் சொன்னார்கள்.

ஆக, காப்புரிமைகளைப் படிக்கும்போது நான் செய்வதைச் சொல்கிறேன். படங்களையும் "ஒரு முறையும் அமைப்பும்" என்ற முகவுரையையும் தாண்டி நேராக உரிமைக் கோரல்களுக்கு, அதாவது எது தன் கண்டுபிடிப்பு என்று சட்டப்படி கேட்கும் பகுதிக்குப் போவேன். போய் ஒரே கேள்வி: வலையில் உள்ள ஒரு பெட்டி திருடு போனால், அதை மட்டும் வெளியே தள்ள இந்த முறைக்கு என்ன வழி? எல்லாரும் ஒரே பாஸ்வேர்டைப் பகிர்ந்திருந்தால், எஸ்ஏஈ இருந்தாலும்கூட, எல்லாப் பெட்டிக்கும் பாஸ்வேர்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை. கருவிக்குக் கருவி தனிச் சான்றிதழ் (ஒருவித மின் அடையாள அட்டை) என்றால், ரத்தான சான்றிதழ்களின் பட்டியலை மையம் இல்லாத வலையில் யார், எவ்வளவு சீக்கிரம், எல்லாரிடமும் கொண்டுசேர்ப்பார் என்று கேட்க வேண்டும். அந்தப் பட்டியலும் திருட்டுக் கணு வழியாகவே போக வேண்டியிருந்தால்? இதற்குக் கோரலில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். நான் படித்தவற்றில் பெரும்பாலானவை "நிர்வாகி நீக்குவார்" என்ற ஒற்றை வாக்கியத்தோடு அந்த இடத்தைத் தாண்டிவிடுகின்றன.